ஆதரவு நீங்கிய பணிசெயல் முறைமையும் அதனை உடையார் கடனும்

2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 8ஆந் திகதி, விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பணிசெயல் முறைமைக்கு அதனை ஆக்கிய மைக்ரோசொவ்ற் நிறுவனம் வழங்கிவந்த ஆதரவு முடிவெய்தியது. மறுநாட் காலை உலகெங்கணும் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் இருந்த எக்ஸ்பி கணினிகள் முதனாள் இயங்கியவாறே இயங்கின. திரையிற் பச்சைப் புல்மேடும் நீலவானமுந் தோன்றின, கடிதங்கள் அச்சாயின, கணக்குகள் கூட்டப்பட்டன. யாதொரு மாற்றமும் புலப்படவில்லை. அவ்வாறு புலப்படாமையே இவ்விடயத்தில் மக்களை மயக்குவது. ஆதரவு முடிகின்றது என்ற அறிவித்தலைக் கேட்டோருட் சிலர் தம் கணினி அன்றே நின்றுவிடுமென அஞ்சினர். வேறு சிலர், அது நில்லாமை கண்டபின், அறிவித்தல் முழுவதும் வணிகர் சூழ்ச்சியே எனக் கொண்டு அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். இவ்விரு கருத்தும் பிழையுடையன. பிழை யாண்டுளது என்பதை அறிதற்கு, ஆதரவு என்னுஞ் சொல்லின் பொருளை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

பணிசெயல் முறைமையாவது கணினியின் உறுப்புக்களுக்கும் அதிற் பயன்படும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடைநின்று இரண்டையும் இசைவிப்பது. விசைப்பலகையில் அழுத்திய எழுத்தை உரிய மென்பொருளிடஞ் சேர்ப்பதும், கோப்பினை வட்டில் எவ்விடத்து வைப்பதென வகுப்பதும், வலையமைப்பின் வழியாக வருஞ் செய்தியை ஏற்பதும், ஒருவர் கோப்பினை மற்றொருவர் தொடாது காப்பதும் அதன் தொழில்கள். இத்துணைத் தொழிலும் புரிதற்கென எழுதப்பட்ட கட்டளைகள் கோடிக்கணக்கான வரிகளாக விரிவன. மனிதர் எழுதிய அத்துணை வரிகளிற் பிழை நேராதிருத்தல் இயலாது. நேர்ந்த பிழைகளுட் பல தீங்கற்றவை. ஒரு சில மாத்திரம், முன்பின் அறியாத ஒருவன் தான் விரும்பிய கட்டளையைப் பிறர் கணினியுட் புகுத்துதற்கு இடந்தருவன. இவையே பாதுகாப்புக் குறைகள் எனப்படுவன. இக்குறைகள் கணினியை விற்ற நாளன்றே அதனுள் இருப்பவை. நாட்செல்ல அவை தோன்றுவதில்லை, அறியப்படுகின்றன என்பதே உண்மை.

அறியப்பட்ட குறைகளை ஆக்கியோரே திருத்தி, அத்திருத்தங்களை உடைமையாளருக்கு இலவசமாக அனுப்புதலே ஆதரவின் உயிர்நிலை. 2003 ஒக்டோபர் முதலாக மைக்ரோசொவ்ற் நிறுவனம் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாஞ் செவ்வாய்க்கிழமையும் இத்திருத்தங்களை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளது. ஆதரவு முடிந்ததென்றால் இவ்வருகை நின்றது என்பதே பொருள். அஃதொன்றே எனின், இருந்த நிலையிற் கணினி இருக்கின்றது, இதில் அச்சமென்னை என வினவலாம். ஈண்டுத்தான் பலரும் காணாத நுட்பம் ஒன்றுண்டு. புதிய பதிப்பு எதுவும் அடிமுதல் முடிவரை புதிதாக எழுதப்படுவதில்லை; பழைய பதிப்பின் பெரும்பகுதி புதியதனுள்ளும் வாழ்கின்றது. ஆகவே புதியதிற் கண்ட குறை பழையதினும் இருத்தல் கூடும். புதியதற்குத் திருத்தம் வெளிவந்தவுடன், தீங்கு கருதுவோர் திருத்தத்துக்கு முன்னிருந்த நிரலையும் பின்னுள்ள நிரலையும் ஒப்புநோக்கி, மாறிய இடத்தைக் கொண்டு குறை இருந்த இடத்தைக் கண்டுகொள்கின்றனர். பின்னர் அக்குறை பழையதில் உண்டோ எனத் தேடுகின்றனர். பழையதற்கோ திருத்தம் இல்லை. இளையவனுக்கு இட்ட மருந்து மூத்தவனின் புண்ணைக் காட்டிக்கொடுக்கின்றது. ஆதலாற் பழைய கணினி இருந்த நிலையில் இருப்பதாகத் தோன்றினும், அதற்குள்ள இடர் மாதந்தோறும் வளர்கின்றது.

எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. அதன்பின் 2007 சனவரியிற் பொதுமக்களுக்கு வெளியான விஸ்ரா என்னும் பதிப்பு அந்நாளைக் கணினிகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தமையால் மக்கள் அதனை விரும்பிற்றிலர். 2009 ஒக்டோபரில் விண்டோஸ் 7 வரும்வரை எக்ஸ்பியே பெரும்பாலோரின் துணையாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்த ஒன்றை மக்கள் நிலையான பொருளெனவே கருதத் தலைப்பட்டனர். முடிவுநாள் பல்லாண்டுகட்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தும், அந்நாள் வந்தபோது அரசாங்கங்களே ஆயத்தமின்றி நின்றன. பிரித்தானிய அரசாங்கம் மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்கள் பெறுதற்காக ஏறக்குறைய 55 இலட்சம் பவுண் செலுத்தியது. அமெரிக்கக் கடற்படை 2015இல் எக்ஸ்பிக்கும் அதனையொத்த வேறு சில பழைய மென்பொருள்களுக்குமாக ஏறத்தாழ 91 இலட்சம் டொலர் பெறுமதியான உடன்படிக்கை செய்தது. இவ்வாறு விலைக்கு வாங்கிய காலம் வேறிடம் பெயர்தற்கென வாங்கியது. அதனைத் துயிலுதற்குப் பயன்படுத்தியவர்களும் உளர்.

அத்துயிலின் விளைவு 2017ஆம் ஆண்டிற் காணப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு 14ஆந் திகதி மைக்ரோசொவ்ற் நிறுவனம், கணினிகள் தம்முட் கோப்புக்களைப் பகிர்தற்கு விண்டோஸிலுள்ள பகுதியில் இருந்த கடுங்குறை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் அக்குறையை முன்னரே அறிந்து, தன் ஒற்றுத் தொழிலுக்கு உதவுமென மறைத்து வைத்திருந்தது என்பதும், அதற்கென ஆக்கிய கருவி களவுபோயிற்று என்பதும் பின்னர்த் தெரியவந்தன. ஏப்பிரல் 14ஆந் திகதி, ஷடோ புரோக்கர்ஸ் எனத் தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார் அக்கருவியை யாவரும் எடுக்குமாறு இணையத்தில் இட்டனர். மே 12ஆந் திகதி வெள்ளிக்கிழமை வொன்னாகிறை என்னும் புழுநிரல் உலகெங்கும் பரவியது. கணினி ஒன்றனுட் புகுந்ததும் அங்குள்ள கோப்புக்களை மறைகுறியாக மாற்றிப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறப்பதற்கு 300 டொலர் பெறுமதியான பிற்கொயின் கேட்பது அதன் செயல். எவரும் எதனையும் திறந்து பார்க்கவேண்டிய தேவையின்றியே அது ஒரு கணினியினின்று அடுத்த கணினிக்குத் தானே சென்றது. சின்னாட்களில் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. ஸ்பானியாவின் தொலைபேசி நிறுவனமும், பிரான்சின் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளும், ஜேர்மன் புகையிரத நிலையங்களின் அறிவித்தற் பலகைகளும் இதற்குத் தப்பவில்லை.

ஆயினும் உயிரோடு தொடர்புடைய கேடு நேர்ந்தது இங்கிலாந்தின் வைத்தியசாலைகளிலாகும். அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையின் 236 நிருவாகப் பிரிவுகளுட் குறைந்தது 80 பிரிவுகள் பாதிக்கப்பட்டன. ஐந்து பிரதேசங்களில் அவசர நோயாளர் வேறு வைத்தியசாலைகளுக்குச் செல்லவேண்டியவராயினர். சத்திரசிகிச்சைகள் உட்படப் பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட சந்திப்புக்கள் கைவிடப்பட்டிருக்கும் என மதிப்பிடப்பட்டதைத் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் அறிக்கை எடுத்துக்கூறியது. கணினி ஒன்றைப் புதுப்பியாது விட்டமையால் நோயாளி ஒருவர் வைத்தியசாலை வாயிலினின்றுந் திருப்பப்படுவார் என்பதை அதுகாறும் எத்துணைப் பேர் எண்ணியிருப்பர்? பிரித்தானிய இளைஞர் ஒருவர், அப்புழுநிரல் தன் தொழிலைத் தொடங்குமுன் பொருளற்ற நீண்ட இணைய முகவரி ஒன்றை நாடுதலைக் கண்டு, எவருக்கும் உரித்தில்லாதிருந்த அம்முகவரியைப் பத்து டொலர் அளவான செலவிற் பதிவு செய்தார். முகவரி விடை கூறியதும் புழுநிரல் அடங்கியது. அங்ஙனம் நிகழாதிருப்பின் சேதம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலர், எக்ஸ்பியே இக்கேட்டுக்கு ஏதுவென முடித்துவிடுவர். அது முழுமையும் உண்மையன்று. அக்காலத்து இங்கிலாந்துச் சுகாதார சேவையின் கணினிகளுள் எக்ஸ்பி உடையவை ஐந்து வீதத்துக்கும் குறைவு. எக்ஸ்பியினுட் புகுந்தபோது அப்புழுநிரல் பெரும்பாலும் கணினியை நிலைகுலைத்து நிறுத்தியதேயன்றிப் பரவவில்லை. பாதிக்கப்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 உடையவை. அப்பதிப்புக்கு அன்று ஆதரவு இருந்தது. திருத்தமும் இரண்டு மாதத்துக்கு முன்னரே வந்திருந்தது. வந்ததை வாங்கி இடாதிருந்தமையே குற்றம். 2014ஆம் ஆண்டிலேயே, எக்ஸ்பி போன்றவற்றை 2015 ஏப்பிரலுக்குள் நீக்குதற்குத் திட்டம் வகுக்குமாறு சுகாதாரத் திணைக்களம் எழுத்தில் அறிவுறுத்தியிருந்தது. 2017 மார்ச்சிலும் ஏப்பிரலிலும் திருத்தத்தை இடுமாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆதரவு உண்டு என்பது வேறு, அதனைப் பெறுதல் வேறு. ஆதரவு முடிந்த முறைமையை வைத்திருப்பவருக்கும், ஆதரவுள்ள முறைமையில் 'பின்னர் நினைவூட்டுக' என்பதை நாடோறும் அழுத்துபவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு, எண்ணுமளவுக்குப் பெரிதன்று.

எனினும் எல்லாக் குற்றத்தையும் உடைமையாளர்மேற் சுமத்துதலும் நீதியாகாது. காந்த அதிர்வுப் படமெடுக்கும் பெரும்பொறிகள் போன்ற வைத்தியக் கருவிகள் சிலவற்றுள் எக்ஸ்பியே பதிக்கப்பட்டிருந்தது. பொறியோ பல்லாண்டு உழைக்க வல்லது. அதனுள்ளிருக்கும் மென்பொருளின் ஆயுள் அதனிற் குறைந்தது. பொறியை விற்றவர் புதிய பதிப்புக்கு ஏற்பத் தம் செய்நிரலை மாற்றித் தராவிடின் வாங்கியவர் செய்யக்கூடியது அதிகமில்லை. இரும்பின் ஆயுளையும் மென்பொருளின் ஆயுளையும் தனித்தனியே கேட்டு எழுத்தில் வாங்காது பெரும்பொருள் கொடுத்தல் இனிமேல் மன்னிக்கத்தக்க தவறன்று.

ஆதரவு முடிந்த பின்னரும் மைக்ரோசொவ்ற் நிறுவனம் எக்ஸ்பிக்குச் சிற்சில வேளைகளில் திருத்தம் அளித்தமை உண்மையே. 2014 மே மாதத்தில் அதன் இணைய உலாவிக்கும், 2017 மே மாதத்தில் வொன்னாகிறை பரவிய மறுநாளும், 2019 மே மாதத்திற் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் பகுதியிற் கண்ட குறைக்கும் இவ்வாறு அளித்தது. மூன்றும் பேரிடர் நேர்ந்த அல்லது நேரவிருந்த வேளைகள். இரண்டாவது, வைத்தியசாலைகள் பாதிக்கப்பட்ட பின்னரே கிடைத்தது. இத்தகைய கொடையை நம்பியிருத்தல், மழை வருமென நம்பிக் கூரை வேயாதிருத்தலினும் ஒருபடி மேலான பேதைமை.

எக்ஸ்பியின் கதை பழங்கதையாகிவிடவில்லை. விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 சனவரி 14ஆந் திகதியும், விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியும் முடிந்தன. விண்டோஸ் 10 வெளியான 2015இல், இதுவே விண்டோஸின் இறுதிப் பதிப்பென அந்நிறுவன ஊழியர் ஒருவர் கூறியது பலராலும் நம்பப்பட்டது. பின்னர் 2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. முந்திய மாற்றங்களில் இல்லாத இடர்ப்பாடு ஒன்று இம்மாற்றத்தில் உண்டு. மறைகுறித் திறவுகளைக் காக்கும் ரி. பி. எம். 2.0 என்னும் சில்லும், குறித்த வரிசையிலுள்ள மையச் செயலியும் இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இன்ரெல் செயலிகளிற் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதன் பின்னவையுமே ஏற்கப்படுவன. அத்தலைமுறை வெளிவந்தது 2017இலாகும். அதற்கு முற்பட்ட கணினி எத்துணை விரைவாக இயங்கினும், பழுது ஒன்றும் இல்லாதிருப்பினும், புறந்தள்ளப்படுகின்றது. நன்கொடையாகப் பெற்ற பழைய கணினிகளைக் கொண்டு மாணவருக்குப் பயிற்சியளிக்கும் பாடசாலைக்கு இது சிறிய விடயமன்று. பாதுகாப்பை உயர்த்துதற்கே இவ்விதி என்பது நிறுவனத்தின் விளக்கம். அவ்விளக்கத்தில் உண்மையுண்டு, நற்பொருள் பல கழிவாகும் என்பதிலும் உண்மையுண்டு.

விண்டோஸ் 10 உடையார் முன்னுள்ள வழிகளுள் முதலாவது காலநீட்டிப்பாகும். தனியாளர் 30 டொலர் செலுத்தியோ, தம் கணினியின் அமைப்புக்களை நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்திற் சேமிக்க இசைந்து கட்டணமின்றியோ, 2026 ஒக்டோபர் 13ஆந் திகதி வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாமென அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டொலர். அது ஆண்டுதோறும் இரட்டித்து மூன்றாண்டு வரை செல்லும். கல்வி நிறுவனங்களுக்குரிய உரிமம் பெற்ற கணினிகளுக்கோ அக்கட்டணம் முறையே 1, 2, 4 டொலர் மாத்திரமே. இச்சலுகையை அறியாத பாடசாலைகள் பல இருக்கக்கூடும் என்பதால் இங்கு விரித்துக் கூறப்பட்டது.

இரண்டாவது வழி வேறொரு பணிசெயல் முறைமையை நாடுதல். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வல்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், இன்று உபுண்டு, மின்ற், டெபியன் முதலிய பல பெயர்களில் இலவசமாகக் கிடைக்கின்றது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இவை செவ்வனே இயங்குவன. கடிதம் எழுதல், கணக்கிடல், இணையத்தில் வாசித்தல் என்பனவே தொழிலாயின் இவ்வழி சிறந்தது. ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணியாகக் கூறுவாரும் உளர். அவர் கூற்று ஏற்புடையதன்று. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்துப் பதினையாயிரம் அளவான கணினிகளை மாற்றியது. 2017இல் விண்டோஸுக்கே மீளத் தீர்மானித்தது. ஏனைய அலுவலகங்களோடு கோப்புக்களைப் பரிமாறுதலிலும், ஒரு பணிக்கென்றே ஆக்கப்பட்ட செய்நிரல்களிலும் இடர்ப்பாடு ஏற்படுமென்பதை மாறுவோர் முன்னரே சோதித்தறிதல் வேண்டும். அன்றியும் லினக்ஸுக்கும் முடிவுநாள் உண்டு. உபுண்டுவின் நெடுங்காலப் பதிப்புக்களுக்குப் பொதுவான ஆதரவு ஐந்தாண்டே. எக்ஸ்பி காலத்து 32 பிட் கணினிகளை உபுண்டு சில ஆண்டுகட்கு முன்னரே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐயும் அவற்றில் நிறுவுதல் இயலாது. மிகப் பழைய கணினிக்கு லினக்ஸும் புகலிடமன்று.

எவ்வழியை மேற்கொள்ளினும் அதற்கு முன் செய்யவேண்டியது கோப்புக்களை வேறொரு வட்டிற் படியெடுத்து, அப்படியைத் திறந்து பார்த்தல். தமிழ் எழுதுவோருக்கு இங்குத் தனிக்கவனம் வேண்டும். ஒருங்குறி பரவுதற்கு முன் ஈழத்தில் ஆயிரக்கணக்கான ஆவணங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டன. அவற்றுள் உண்மையிற் சேமிக்கப்பட்டவை ஆங்கில எழுத்துக்களே; எழுத்துருவே அவற்றைத் தமிழாகக் காட்டுகின்றது. கோப்பை மாத்திரம் புதிய கணினிக்குக் கொண்டுசென்று எழுத்துருவை விட்டுவிட்டால், திரையிற் பொருளற்ற ஆங்கிலக் குவியலே தோன்றும். அதனைப் பழுதுற்ற கோப்பெனக் கருதி அழித்துவிட்டு வருந்துதல் எளிதில் நேரக்கூடியது. எழுத்துருவையும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். கூடுமாயின் பழைய கணினி இயங்கும்போதே ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நன்று. எக்ஸ்பியிலேயே லதா என்னும் ஒருங்குறி எழுத்துரு இருந்தது. ஆயின் பிரதேச அமைப்புக்களிற் சென்று தனியே நிறுவினாலன்றித் தமிழ் செவ்வனே தோன்றாது. அதனை அறியாமையாற் பலர் பாமினியோடே நின்றனர்.

மாற்றவே இயலாத கணினியும் உண்டு. ஆய்வுகூட நுணுக்குக்காட்டியோடோ கடைசற் பொறியோடோ இணைந்து, புதிய முறைமையில் ஓடாத செய்நிரலைக் கொண்டு இயங்குவது அத்தகையது. அதற்கு ஏற்ற பரிகாரம் தனிமைப்படுத்தலே. வலையமைப்புக் கம்பியைக் கழற்றி, கம்பியில்லாத் தொடர்பையும் நிறுத்திவிட்டால் வொன்னாகிறை போன்ற புழுநிரல் அதனை எட்டாது. ஆயினும் கையடக்க நினைவகக் குச்சி அக்கம்பியின் தொழிலைச் செய்துவிடும். 2008 நவம்பரில் தோன்றிய கொன்பிக்கர் என்னும் புழுநிரல் அக்குச்சிகளின் வழியும் பரவியது. ஆகையால் அக்கணினிக்கென்றே ஒரு குச்சியை ஒதுக்கி, ஆதரவுள்ள வேறொரு கணினியிற் சோதித்த பின்னரே அதனைச் செருகுதல் வேண்டும். கோப்புப் பகிர்வு, தொலைவிலிருந்து இயக்கல் ஆகிய வசதிகளை நிறுத்திவைத்தலும் தகும்.

சில காலமேனும் இணையத்தோடு இணைத்தே பயன்படுத்த நேர்ந்தவர், முகாமையாளர் உரிமையுள்ள கணக்கில் நாள்வேலை செய்யாது சாதாரண கணக்கிற் செய்க. இணைய உலாவியேனும் புதியதாக இருத்தல் வேண்டும். ஆயின் உலாவிகளும் பழைய முறைமையை ஒருநாட் கைவிடுவன. குரோம் எக்ஸ்பியை 2016இலும், விண்டோஸ் 7ஐ 2023இலும் கைவிட்டது. வைரசு எதிர்ப்பு மென்பொருள் இருத்தலே போதுமெனச் சிலர் கூறுவர். அது வாயிலில் நிற்குங் காவலனை ஒப்பது; சுவரிலுள்ள பிளவை அடைக்கமாட்டாது. வங்கிக் கணக்கு, பரீட்சைப் புள்ளிகள், மாணவர்தம் சொந்த விபரங்கள் என்பன அத்தகைய கணினியில் இடம்பெறலாகாது.

இறுதியில் அக்கணினியைக் கழித்துவிடுபவர் வட்டினை மறத்தலாகாது. கோப்பை அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையிலிருந்து அதன் பெயரை நீக்குதலேயாம். எழுதியது வட்டிலேயே கிடக்கும். சுழலும் வகை வட்டாயின், அதற்கென உள்ள மென்பொருளாற் முழுவதையும் மேலெழுதி அழித்த பின்னரே பிறருக்குக் கொடுத்தல் வேண்டும். வட்டு இயங்காத நிலையில் இருப்பின், அதனைக் கழற்றி உள்ளிருக்கும் தட்டுக்களிற் துளையிட்டுவிடலாம்.